இரண்டாம் பாகத்தில் துப்பாக்கி கொடுத்தார்கள்

மூன்று வருடம் காத்திருந்தோம்.
டில்லிபாபு ஐஸ் ஃபேக்டரி சம்பளத்தில் எழுநூறு,
ரூபன் ஹெல்மெட்டுக்கு எடுத்து வைத்த ஆயிரம்
போலீஸ் பிடித்தால் பார்த்துக்கலாம் என்றான்
மீதிக்கு நான் கடன்.
பழைய வண்ணாரப்பேட்டையில்
பாவாடைக் கடை போர்டுக்குப் பின்னால் ஏறும் மாடிப்படி,
மணிக்கு அறுபது ரூபாய்.
டிஸ்க் நம்முடையது என்றால் நாற்பது.

முதல் பாகத்தில் எங்களிடம் ஒன்றும் இல்லை.
ஒரு ஹோட்டலின் அடித்தளம்,
சலவைக்கூடம்,
கொடி கொடியாய் ஈர வெள்ளைத் துணி.
துணிக்கு அந்தப் பக்கம்
சளக், சளக் என்று ஒரு நடை.
ஈரக்காலி என்று பெயர் வைத்தது நாங்கள்தான்,
கம்பெனிக்காரன் அவளுக்குப் பெயரே வைக்கவில்லை.
அடிக்க முடியாது. ஓடினால் கேட்டுவிடும்.
ஒரு பட்டனை அழுத்தி மூச்சை அடக்கலாம்,
அவ்வளவுதான் கொடுத்திருந்தார்கள்.

அது போதும் எங்களுக்கு.
கொடுங்கையூர்க் குப்பைமேடு எரிகிற ராத்திரிகளில்,
காற்று திரும்பிய நேரத்து எண்ணூர் பஸ்ஸில்
பட்டன் இல்லாமலே பழகியவர்கள்.
ஆட்டத்தில் அடக்கும்போது
நிஜத்திலும் சேர்ந்து அடக்குவோம்.
டில்லிபாபு நாற்பத்தொரு விநாடி.
கட்டைவிரல் நடுங்காது,
கண்ணில் மட்டும் தண்ணீர் கட்டும்.
வேறு எந்த வேலையிலும் அவனை யாரும்
கில்லாடி என்று சொன்னதில்லை.

இரண்டாம் பாகம் வெயிலில் திறந்தது.
கோதுமை வயல். நீல வானம்.
ஐந்தாம் நிமிடம் கையில் துப்பாக்கி.
மூலையில் ஓர் அம்புக்குறி
இந்தப் பக்கம் வாங்க சார் என்பது போல்
மரியாதையாக வழி காட்டியது.
"இன்னாடா இது, வயலும் வாழ்வுமா?" என்றான் ரூபன்.
முதல் பேய் வந்தது. சுட்டோம். விழுந்தது.
அடுத்தது. அதுவும்.
பதினேழு வரை டில்லிபாபு எண்ணினான்,
லாரியில் ஐஸ் பார் ஏற்றும் குரலில்.
பிறகு எண்ணவில்லை.

ஈரக்காலி எங்கே
என்று யாரும் கேட்கவில்லை.
பழகிய தெருவில் வீட்டை இடித்துவிட்டு
பால்கனி வைத்துக் கட்டியது போல் இருந்தது.
நல்ல பால்கனிதான்.
அந்த நாற்பத்தொரு விநாடியை
இனி எங்கே கொண்டுபோய் வைப்பது?

"துட்டு போச்சு."
"ரிவர்ஸ்ல வித்துடலாமா?"
"எவன் வாங்குவான்?"

கல்லாவில் இருந்த நிலோஃபர்
எழுந்து வந்து கன்ட்ரோலரைக் கேட்டாள்.
கடைக்காரரின் தங்கை, கணக்குப் பார்ப்பவள்.
முதல் பாகம் ஆடியதே இல்லை,
"நீங்க கத்துறதத்தான் கேட்டிருக்கேன்."

அம்புக்குறி வலது பக்கம் காட்டியது.
அவள் போகவில்லை.
நாங்கள் மூன்று முறை ஓடிக் கடந்த
பண்ணை வீட்டு முற்றத்தில் போய் நின்றாள்.
ஒரு துணிக்கொடி.
நாலு வெள்ளைத் துணி, காய்ந்தவை.
நின்றாள்.
நின்றுகொண்டே இருந்தாள்.
"அட, போம்மா" என்றான் ரூபன்.

"பயிர் அசையலயே," என்றாள்.
"துணி மட்டும் ஏன் அசையுது?"

கீழே ஷேர் ஆட்டோக்காரன்
மணிக்கூண்டு, மணிக்கூண்டு என்று கூவிக்கொண்டிருந்தான்.

"துப்பாக்கிய உள்ள வைக்க எந்த பட்டன்?"
எங்களுக்குத் தெரியவில்லை.
எடுத்தது முதல் நாங்கள் கீழே இறக்கவே இல்லை.
ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்.
திரையில் கை காலியானதும்
வயலின் சத்தம் நின்றது,
பூச்சிச் சத்தம்,
அதுவரை இருந்தது என்றே தெரியாத சத்தம்.

நேரம் முடிய நாலு நிமிடம்.
டில்லிபாபு இன்னொரு நாற்பதை எடுத்து
மேஜையில் வைத்தான்.
அவன் கன்னம் உப்பியிருந்தது.

"இருந்தாலும் ஃபர்ஸ்ட் பார்ட் மாதிரி வராது"
என்றான் ரூபன்,
ரொம்ப மெதுவாக,
துணிக்கு அந்தப் பக்கம்
கேட்டுவிடப் போகிறது என்பது போல.